வீடு உரிமையாளருக்கு, முகப்பு யாருக்கு?

புது தில்லி: சண்டீகரில் உள்ள பஞ்சாப் - ஹரியாணா உயர் நீதிமன்றத்தின் நுழைவாயிலில் மூன்று பெருந்தூண்கள் ஓங்கி நிற்கின்றன. ஒன்று பச்சை, ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. கான்கிரீட்டின் சாம்பல் நிறத்துக்கு நடுவே பளிச்செனத் தெரியும் இந்த மூன்று வண்ணங்களே இன்று அக்கட்டடத்தின் அடையாளம். ஆனால், 1955-ஆம் ஆண்டில் அன்றைய பிரதமர் நேரு அதைத் திறந்து வைத்தபோது இந்த வண்ணங்கள் அங்கு இல்லை. தூண்கள் வெண்ணிறமாகவே நின்றன. 1960-களின் தொடக்கத்தில்தான், கட்டடத்தை வடிவமைத்த லெ கொர்பூசியே அவற்றுக்கு வண்ணம் பூசச் செய்தார்.

வரைபடம் ஏற்கப்பட்டு, கட்டி முடிக்கப்பட்டு, நீதிபதிகள் அமர்ந்து வழக்குகளை விசாரிக்கத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆன பிறகு ஒரு கட்டடத்தின் முகம் மாறியது. அதை விதிமீறல் என்று எவரும் கருதியதில்லை. மாறாக, அந்த மாற்றமே இன்று உலகப் பாரம்பரியச் சின்னத்தின் பகுதியாகப் பாதுகாக்கப்படுகிறது. அதே நகரத்தில் சிறிய மனையில் வீடு கட்டிய ஒருவர், அனுமதி பெற்ற வரைபடத்தில் உள்ள சன்னலின் அளவையோ, வெளிவாயில் கதவின் வடிவத்தையோ, முகப்பில் தெரியும் செங்கல்லையோ தம் விருப்பப்படி மாற்றிவிட முடியாது. மாற்றினால் எஸ்டேட் அலுவலகத்திலிருந்து அறிவிக்கை வரும்.

ஒப்புதல் பெற்ற பிறகு ஒரு கட்டடத்தின் வெளிப்புறப் பொருளையும் நிறத்தையும் மாற்றும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பது பார்வைக்குச் சிறிய கேள்வி. ஆனால், கடந்த சில ஆண்டுகளில் இந்தக் கேள்வி சண்டீகரிலிருந்து புறப்பட்டு உச்ச நீதிமன்றம் வரை வந்திருக்கிறது. நாடாளுமன்றத்தின் கதவையும் அது தட்டாமல் இல்லை.

வீதிக்குச் சொந்தமான முகப்பு: நாட்டுப் பிரிவினையில் லாகூரை இழந்த பஞ்சாபுக்குப் புதிய தலைநகரம் அமைக்க முடிவானபோது, நகரம் கண்டபடி வளர்ந்துவிடக் கூடாது என்பதில் அதன் சிற்பிகள் உறுதியாக இருந்தனர். அதற்காகவே 1952-இல் பஞ்சாப் தலைநகர (மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை) சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின் 4-ஆம் பிரிவைப் படிப்பவர்களுக்குச் சற்று வியப்பாக இருக்கும். அரசு எந்தெந்த விஷயங்களில் ஆணை பிறப்பிக்கலாம் என்று அது பட்டியலிடுகிறது. அந்தப் பட்டியலில் முதலிடம் பெறுவது மனையின் பரப்போ, கட்டடத்தின் பயன்பாடோ அல்ல. எந்தவொரு கட்டடத்தின் முகப்பிலும் அமைய வேண்டிய கட்டடக்கலைக் கூறுகள்தான். நகரத்தின் முகத்தையே சட்டத்தின் முதற்பொருளாக வைத்த ஊர் இந்தியாவில் வேறு இருப்பது அரிது.

நடைமுறையில் இது மூன்று விதமாகச் செயல்பட்டது. பெரிய மனைகளுக்கு, சுற்றிலும் எவ்வளவு இடம் விட வேண்டும், எவ்வளவு உயரம் எழுப்பலாம் என்னும் வரையறைகள் மட்டுமே. 17-ஆவது செக்டாரில் உள்ள நகர மையத்தின் வணிகக் கட்டடங்களுக்குக் கடுமையான கட்டுப்பாடு. அங்கு தூணுக்கும் தூணுக்கும் இடைவெளி 5.26 மீட்டர் என்று வகுக்கப்பட்டது. வெளியே தெரியும் கான்கிரீட்டில் பலகை அச்சு எப்படிப் பதிய வேண்டும் என்பது உள்பட யாவும் வரையறுக்கப்பட்டன. உள்ளே எப்படி வேண்டுமானாலும் பிரித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது வகைதான் சாதாரண மக்களைத் தொட்டது. சிறிய மனைகளில் வரிசையாக அமையும் வீடுகளுக்கு 'சட்டகக் கட்டுப்பாடு' என்றொரு முறை கொண்டுவரப்பட்டது. படத்துக்குச் சட்டம் போடுவதைப்போல, வீட்டின் முன்கோட்டையும் உயரத்தையும் கட்டுமானப் பொருளையும் அரசே தீர்மானித்துவிடும். கதவு, சன்னல்களுக்கு நிர்ணயிக்கப்பட்ட அளவுகள் உண்டு. வெளிவாயிலும் சுற்றுச்சுவரும் அரசு தந்த மாதிரியில் இருக்க வேண்டும். அந்தச் சட்டகத்துக்குள் உரிமையாளர் ஓரளவு தம் விருப்பத்தைக் காட்டிக்கொள்ளலாம். வீட்டின் உட்புறம் அவருக்கு உரியது. வீதியிலிருந்து பார்த்தால் தெரியும் காட்சியோ சமூகத்துக்கு உரியது என்பது இதற்கு நிர்வாகம் சொன்ன விளக்கம்.

விளக்கத்தில் நியாயம் இருக்கிறது. வரிசை வீடுகளில் ஒருவர் மட்டும் நீலத் தகடு பதித்து, அடுத்தவர் பளிங்கு ஒட்டினால் வீதியின் ஒழுங்கு குலையும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால், இந்தச் சமூகக் கடமை சிறிய வீட்டுக்காரர் மீது மட்டும் முழுமையாகச் சுமத்தப்பட்டது என்பதையும் கவனிக்காமல் இருக்க முடியாது. வடக்குச் செக்டார்களில் கனால் கணக்கில் மனை வாங்கி மாளிகை எழுப்பியவர் தம் முகப்புக்கு விரும்பிய பொருளைத் தேர்ந்துகொண்டார். மார்லா கணக்கில் மனை பெற்றவருடைய வீட்டின் முகம் அரசின் கோப்பில் இருந்தது.

லெ கொர்பூசியே தம் நகரத்துக்கென விட்டுச் சென்ற 'சண்டீகர் சாசனம்' என்னும் சிறு அறிக்கையும் இதே மனப்போக்கைக் காட்டுகிறது. கான்கிரீட், செங்கல், கல் ஆகியவற்றின் இயல்பு எல்லாக் கட்டடங்களிலும் மறைக்கப்படாமல் காக்கப்பட வேண்டும் என்று அது வலியுறுத்துகிறது. செங்கல் செங்கல்லாகவே தெரிய வேண்டும். அதன்மேல் பூச்சுப் பூசி வேறொன்றாக வேடமிடக் கூடாது. கொள்கை உயர்ந்ததுதான். வடஇந்திய வெயிலிலும் பருவமழையிலும் பூச்சில்லாத சுவர் அறுபது, எழுபது ஆண்டுகள் எப்படித் தாங்கும், பழுதானால் அதே வகைச் செங்கல்லை எங்கே தேடுவது என்பவை பின்னால் வந்த தலைமுறையின் கவலைகள்.

மனையே பறிபோகும் அபாயம்: விதியை மீறினால் என்ன நடக்கும்? அபராதம் ஒருபுறம் இருக்க, சண்டீகரில் மனைகளை விற்றதும் குத்தகைக்கு விட்டதும் அரசே என்பதால் அதன் கையில் மற்றோர் ஆயுதமும் இருந்தது. ஒதுக்கீட்டு நிபந்தனை மீறப்பட்டால் மனையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும் அதிகாரம்தான் அது. அவ்வதிகாரத்துக்கு அடிப்படையாக இருந்த 9-ஆவது பிரிவை 1972-இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று அறிவித்தது. சண்டீகர் அதற்குள் யூனியன் பிரதேசமாகியிருந்தது. அதற்குச் சட்டப்பேரவை கிடையாது. எனவே, 1973-இல் நாடாளுமன்றமே சட்டத்தைத் திருத்தி 8-ஏ என்னும் புதிய பிரிவைச் சேர்த்தது. விளக்கம் கேட்டு அறிவிக்கை அனுப்பிய பின், நிபந்தனையை மீறியவரின் மனையை எஸ்டேட் அலுவலர் திரும்ப எடுக்கலாம். மனைக்கான விலை உள்ளிட்ட மொத்தத் தொகையில் 10 சதவீதம் வரை பறிமுதல் செய்யலாம் என்பது அதன் சாரம்.

பணம் கட்டத் தவறியவருக்கும் நிபந்தனையை மீறியவருக்கும் ஒரே பிரிவு. நிபந்தனை மீறல் என்றால் எவ்வளவு பெரிய மீறல் என்று அந்தப் பிரிவு தரம் பிரிக்கவில்லை. குடியிருப்பு மனையில் தொழிற்சாலை நடத்துவதும், முகப்பின் வடிவத்தை மாற்றுவதும் சட்டத்தின் கண்ணில் ஒரே அலமாரியில் வைக்கப்பட்டன. மனையைத் திரும்ப எடுப்பது கடைசி நடவடிக்கையாகவே இருக்க வேண்டும். குற்றத்தின் அளவுக்கு ஏற்பத் தண்டனை அமைய வேண்டும் என்று 2004-இல், தவணைத் தொகை நிலுவை தொடர்பான ஒரு வழக்கில், உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அதன் பிறகு அதிகாரிகளின் கை சற்றே கட்டுண்டது என்றாலும் அறிவிக்கைகள் நிற்கவில்லை.

நகர மையத்திலும் முக்கியச் சாலைகளிலும் உள்ள கடை உரிமையாளர்கள் சாம்பல் நிறக் கான்கிரீட்டை மறைத்து ஏசிபி ஷீட் எனப்படும் அலுமினியத் தகடுகளையும் கண்ணாடியையும் பொருத்துவதும், நிர்வாகம் அவற்றை அகற்றச் சொல்வதும் அங்கு வழக்கமாகிவிட்ட காட்சிகள். வாடிக்கையாளர் பளபளப்பை விரும்புகிறார் என்பது வணிகரின் வாதம். பளபளப்பு வேண்டுமென்றால் இந்த ஊரில் கடை வாங்கியிருக்க வேண்டாம் என்பது, வெளிப்படையாகச் சொல்லாவிட்டாலும், நிர்வாகத்தின் பதில்.

இதைவிடச் சிக்கலானது வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளின் நிலை. 1976-இல் தொடங்கப்பட்ட சண்டீகர் வீட்டுவசதி வாரியம் இதுவரை 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியிருக்கிறது. வாங்கியபோது இருவராக இருந்த குடும்பம் ஆறு பேரானதும் பால்கனியை அடைத்து அறையாக்கினார்கள். மழைச்சாரல் தடுக்கக் கூரை நீட்டினார்கள். ஒழுகும் செங்கல் சுவருக்குச் சிமென்ட் பூசி, மேலே ஓடு பதித்தார்கள். வாரியத்தின் ஆவணங்களில் இவற்றுக்குப் பெயர் 'தேவை அடிப்படையிலான மாற்றங்கள்'. இவற்றில் எதை அனுமதிப்பது, எதை இடிப்பது என்று வாரியம் பலமுறை ஆணை வெளியிட்டிருக்கிறது. 1999-இல் தில்லி வளர்ச்சி ஆணையக் குடியிருப்புகளுக்குச் செய்ததைப்போல ஒரே முறையில் கட்டணம் பெற்று எல்லாவற்றையும் முறைப்படுத்திவிட வேண்டும் என்பது குடியிருப்போரின் நீண்ட காலக் கோரிக்கை. மக்களவைக்குச் சண்டீகர் அனுப்புவது ஒரே ஓர் உறுப்பினரைத்தான். 2014, 2019 தேர்தல்களில் பாஜகவின் கிரண் கெர் வென்றார். 2024-இல் காங்கிரஸின் மணீஷ் திவாரி வென்றார். கட்சி எதுவானாலும் பிரசார மேடையில் இந்தப் பிரச்னை இடம்பெறாத தேர்தல் இல்லை.

2023 ஜனவரியில் வாரியம் தாராளமான சில அனுமதிகளை அறிவித்தது. அதே மாதம் 10-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில் வழங்கிய தீர்ப்பு நிலைமையை மாற்றியது. லெ கொர்பூசியே திட்டமிட்ட முதல் கட்டமான 1 முதல் 30 வரையிலான செக்டார்களில் தனி வீடுகளை மாடிவாரியாகப் பிரித்து அடுக்ககங்களாக விற்கக் கூடாது என்றும், அப்பகுதியின் தன்மையைப் பாதிக்கும் முடிவுகள் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் பார்வைக்கும் பின்னர் மத்திய அரசின் ஒப்புதலுக்கும் செல்ல வேண்டும் என்றும் நீதிபதிகள் பி.ஆர். கவாய், பி.வி. நாகரத்னா ஆகியோர் கொண்ட அமர்வு கூறியது. அடுக்ககம் பற்றிய தீர்ப்புதான் அது. ஆயினும், பால்கனிக்குக் கண்ணாடி போட்டவருக்குக் கிடைக்கவிருந்த சலுகையும் அதன் நிழலில் தேங்கிப்போனது.

வராண்டா வழக்கு: நீதிமன்றத் தீர்ப்புகள் இப்படிக் கட்டுப்பாட்டை இறுக்கிய நிலையில்தான், அதே உயர் நீதிமன்றக் கட்டடம் தன் முகப்பை மாற்றிக்கொள்ள விரும்பியது.

லெ கொர்பூசியே வரைந்தபோது அது தலைமை நீதிபதியின் அறையையும் சேர்த்து 9 நீதிமன்ற அறைகளுக்கான கட்டடம். இன்று அந்த உயர் நீதிமன்றத்துக்கு அனுமதிக்கப்பட்டுள்ள நீதிபதிகளின் எண்ணிக்கை 85. பஞ்சாப், ஹரியாணா, சண்டீகர் ஆகிய மூன்று பகுதிகளின் வழக்குகளும் அங்கேதான். பின்புறத்தில் புதிய பகுதிகள் எழுந்தபோதும் இடநெருக்கடி தீரவில்லை. தவிர, குடைபோல விரிந்த அதன் கூரை கண்ணுக்கு அழகானது என்றாலும், மிக உயரத்தில் இருப்பதால் சாய்வாக அடிக்கும் மழையைத் தடுப்பதில்லை என்ற குறை நெடுங்காலமாக உண்டு. 2-ஆம் எண் முதல் 9-ஆம் எண் வரையிலான நீதிமன்ற அறைகளுக்கு முன்னால் வராண்டா இருக்கிறது. தலைமை நீதிபதி அமரும் 1-ஆம் எண் அறைக்கு முன்னால் இல்லை. வழக்காடிகளும் வழக்குரைஞர்களும் வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டியிருந்தது.

அங்கும் ஒரு வராண்டா அமைக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உயர் நீதிமன்றம் சண்டீகர் நிர்வாகத்துக்கு உத்தரவிட்டது. நிர்வாகம் தயங்கியது. அதன் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. 2016 ஜூலையில், 7 நாடுகளில் பரவிக் கிடக்கும் லெ கொர்பூசியேயின் 17 படைப்புகளில் ஒன்றாக அந்த வளாகத்தை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருந்தது. பெரிய மறுசீரமைப்போ புதிய கட்டுமானமோ செய்ய எண்ணும் நாடுகள் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்பது யுனெஸ்கோ வழிகாட்டு நெறிகளின் 172-ஆவது பத்தி. தெரிவிக்காமல் கட்டினால் தகுதிக்கே ஆபத்து வரும் என்று நிர்வாகம் அஞ்சியது. தாமதத்தால் பொறுமையிழந்த உயர் நீதிமன்றம் அவமதிப்பு நடவடிக்கையில் இறங்க, நிர்வாகம் உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது.

ஆண்டாண்டு காலமாகக் குடிமக்களிடம் 'முகப்பைத் தொடாதே' என்று சொல்லி வந்த நிர்வாகம், அதே வாக்கியத்தை நீதிமன்றத்திடம் சொல்ல நேர்ந்தது. அதைச் சொன்னதற்காக அவமதிப்பு வழக்கையும் சந்தித்தது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. மே 28-ஆம் தேதி நீதிபதிகள் விக்ரம் நாத், சந்தீப் மேத்தா ஆகியோர் இறுதித் தீர்ப்பளித்தனர். வராண்டா அமைப்பது நியாயமான தேவை. அது உலகப் பாரம்பரிய நெறிகளை மீறுவதாகாது என்று கூறி உயர் நீதிமன்ற உத்தரவை அவர்கள் உறுதி செய்தனர்.

தீர்ப்பில் குறை காண இடமில்லை. மழையில் நனையும் வழக்காடிக்குக் கூரை வேண்டும் என்பது மனிதநேயமான நிலைப்பாடு. ஆனால், மழைச்சாரலுக்குக் கூரை நீட்டிய வாரியக் குடியிருப்புவாசியின் வாதமும் ஏறத்தாழ இதுவேதான். ஏற்கெனவே அருகில் உள்ளவை போன்ற ஒன்றைத்தான் சேர்க்கிறோம், தோற்றம் பெரிதாக மாறாது, தேவை உண்மையானது என்ற மூன்று காரணங்களையும் அவரும் சொல்ல முடியும். அதைக் கேட்டுத் தரம் பிரித்து, 'இது சிறிய மாற்றம், செய்துகொள்', 'இது பெரிய மாற்றம், மறு ஒப்புதல் வாங்கு' என்று விரைந்து பதில் சொல்லும் இடம்தான் அவருக்கு எளிதில் கிடைப்பதில்லை.

தில்லியின் மறுமுனை: சண்டீகரிலிருந்து ஏறத்தாழ 250 கிலோமீட்டர் தெற்கே, மத்திய அரசின் நேரடிச் செல்வாக்கில் உள்ள மற்றொரு நகரமான தில்லியில் நிலைமை தலைகீழ். 2016-இல் வெளியிடப்பட்ட தில்லி ஒருங்கிணைந்த கட்டட விதிகள், எந்தெந்தப் பணிகளுக்குக் கட்டட அனுமதியே தேவையில்லை என்று ஒரு பட்டியல் தருகின்றன. சுவருக்குப் பூச்சுப் பூசுவதும், மேலே தகடோ கல்லோ பதிப்பதும், வண்ணம் அடிப்பதும் அந்தப் பட்டியலில் உள்ளன. பாரம்பரியக் கட்டடங்களுக்கு மட்டும் பாதுகாப்புக் குழுவின் அனுமதி வேண்டும். ஒரே அரசின் கீழ் உள்ள இரு நகரங்களில், ஒன்றில் சன்னலின் அளவுகூடச் சட்டத்தின் பிடியில். மற்றொன்றில் முகப்பு முழுவதையும் போர்த்தி மூடினாலும் முன் அனுமதி தேவையில்லை.

இந்தத் தாராளத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு: கட்டட உறுதிக்கும் தீப்பாதுகாப்புக்கும் உரிய விதிகளை மீறக் கூடாது. மீறவில்லை என்று முன்கூட்டியே பார்ப்பது யார் என்பதில்தான் ஓட்டை. அனுமதி தேவையில்லாத வேலையை அதிகாரி எதற்காக வந்து பார்க்கப் போகிறார்? முகப்புத் தகடு அழகு சார்ந்த விஷயம் மட்டுமல்ல என்பதை 2017 ஜூன் 14-ஆம் தேதி லண்டன் கிரென்ஃபெல் அடுக்ககத்தில் பற்றிய தீ காட்டியது. அக்கட்டடத்தைப் புதுப்பிக்கும் திட்டத்தில் துத்தநாகத் தகடு பதிப்பதாகவே முதலில் இருந்தது. செலவைக் குறைப்பதற்காகப் பாலிஎத்திலீன் உட்கருவைக் கொண்ட அலுமினியத் தகடாக அது மாற்றப்பட்டது. ஒரு சமையலறையில் தொடங்கிய தீ அந்தத் தகடுகள் வழியே மளமளவென்று கட்டடம் முழுவதும் ஏறியது. 72 பேர் உயிரிழந்தனர். வெளியே நின்று பார்ப்பவருக்கு இரண்டு தகடுகளும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றும். நம் நாட்டு நகரங்களில் வங்கிகள் முதல் நகைக்கடைகள் வரை முகப்பில் பொருத்தப்படுபவை அலுமினியத் தகடுகளே. அவற்றின் உட்கரு எத்தகையது என்பதை வாங்குபவர் கேட்பது அபூர்வம்.

சண்டீகர் விதி நிறத்தையும் வடிவத்தையும் காக்கிறது. தில்லி விதி இரண்டையும் உரிமையாளரிடம் விட்டுவிடுகிறது. மாற்றிப் பொருத்தும் பொருள் எரியுமா எரியாதா என்று கட்டி முடித்த பிறகும் போய்ப் பார்க்கும் கடமையை இரண்டுமே போதிய அளவில் யார் தலையிலும் சுமத்தவில்லை என்பதே இந்த ஒப்பீட்டில் கவலை தரும் அம்சம்.

தில்லியில் பெரிய கட்டடங்களுக்கு மட்டும் மற்றொரு வாயிற்காவலர் உண்டு. 1973-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த தில்லி நகர்க்கலை ஆணையம்தான் அது. தலைவரும் இரண்டு முதல் நான்கு உறுப்பினர்களும் கொண்ட சிறிய அமைப்பு. வரைபடம் மட்டுமன்றிப் பணி முடிந்தபின் நிறைவு வரைபடங்களும் அதன் பார்வைக்கு வருகின்றன. ஏற்கப்பட்ட முகப்பு ஒன்று, எழுந்து நிற்கும் முகப்பு வேறொன்று என்றால் அந்தக் கட்டத்தில் கேள்வி எழுப்ப முடியும். ஆனால் கட்டடம் அப்போது முழுமையாக நின்றுகொண்டிருக்கும். பதித்த கல்லைப் பெயர்த்தெடு என்று சொல்வது எளிதல்ல.

புதிய நாடாளுமன்றக் கட்டடமும் இந்த ஆணையத்தின் வாசலைக் கடந்தே வந்தது. 2020 ஜூலையில் ஆணையம் ஒப்புதல் அளித்தது. அந்த ஒப்புதலும், நில வகைப்பாட்டை மாற்றிய அறிவிக்கையும் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டன. 2021 ஜனவரி 5-ஆம் தேதி மூன்று நீதிபதிகள் அமர்வில் இருவர் திட்டத்தை ஏற்றனர். நீதிபதி சஞ்சீவ் கன்னா மாறுபட்டார். எனினும், திட்டத்தை ஏற்ற பெரும்பான்மைத் தீர்ப்பும் கட்டுமானத்துக்கு முன் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவின் அனுமதியைப் பெற வேண்டும் என்றே கூறியது. நாட்டுக்கே சட்டம் இயற்றும் மன்றமும் தன் வீட்டின் முகப்புக்காகக் குழு முன் வரிசையில் நிற்க வேண்டியதாயிற்று. 2023 மே 28-இல் திறக்கப்பட்ட அக்கட்டடத்தின் வெளிச்சுவரில் சிவப்பும் வெளிர் நிறமுமான மணற்கற்கள் பதிக்கப்பட்டன. 1927-இல் திறக்கப்பட்ட பழைய கட்டடத்தோடும் சுற்றியுள்ளவற்றோடும் நிறம் ஒத்துப்போக வேண்டும் என்பதே காரணம்.

நிறத்தை விதியாக்கிய நகரம் என்றால் ஜெய்ப்பூரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1876-இல் பிரிட்டிஷ் இளவரசரின் வருகைக்காகப் பூசப்பட்டதாகச் சொல்லப்படும் இளஞ்சிவப்புதான் இன்று அந்நகரத்தின் பெயராகவே ஆகிவிட்டது. மதில் சூழ்ந்த பழைய நகரில் கடைவீதிச் சுவர்களின் நிறத்தைக் கடைக்காரர் தம் விருப்பப்படி மாற்றிக்கொள்ள விடுவதில்லை. 2019-இல் யுனெஸ்கோ அங்கீகாரமும் கிடைத்தது. விருந்தாளிக்காக ஒருமுறை செய்த அலங்காரம் ஒன்றரை நூற்றாண்டாக நிரந்தரக் கடமையாக நீடிக்கிறது. சண்டீகர் தூண்களின் வண்ணத்தைப்போல இதுவும் நகரம் கட்டப்பட்டபோது இருந்ததல்ல, பின்னர் வந்ததே.

கோப்பு எங்கே இருக்கிறது?: சண்டீகர் மக்களுக்கு வரலாற்றைவிடக் கோப்பு முக்கியம். 1984 முதல் பஞ்சாப் ஆளுநரே அங்கு நிர்வாகி. கொள்கை முடிவுகள் மத்திய உள்துறை அமைச்சகத்துக்குச் செல்கின்றன. 1952-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு பிரிவைத் திருத்துவதென்றாலும் அது நாடாளுமன்றத்துக்குத்தான் வர வேண்டும். ஒற்றை உறுப்பினரைக் கொண்ட ஒரு பிரதேசத்தின் சன்னல் அளவும் சுவர்ப் பூச்சும் அவையின் நேரத்தைப் பெறுவது எவ்வளவு கடினம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. கேள்வி நேரத்தில் எழுத்துமூலமான பதில் கிடைக்கும். 'பரிசீலனையில் உள்ளது' என்ற சொற்றொடரும் அதில் இருக்கும்.

நெடுங்காலமாக இந்தக் கோப்புகள் ரைசினா குன்றின் வடக்கு மாளிகைக்கு வந்துகொண்டிருந்தன. 2025 ஆகஸ்டில் கர்த்தவ்ய பவன்-3 திறக்கப்பட்டதும் உள்துறை அமைச்சகம் அங்கு இடம்பெயர்ந்தது. காலியாகும் வடக்கு மாளிகையும் தெற்கு மாளிகையும் தேசிய அருங்காட்சியகமாக மாற்றப்பட உள்ளன. அதற்காக உள்ளே அறைகள் மாறும், சுவர்கள் மாறும். முதல்தரப் பாரம்பரியக் கட்டடம் என்பதால் அதன் வெளிப்புற மணற்கல்லில் எதையேனும் மாற்ற வேண்டுமானால் பாரம்பரியப் பாதுகாப்புக் குழுவிடம்தான் கேட்க வேண்டும்.